நகை மனைவியுடையது, நட்டம் யாருடையது?

தமிழ்நாட்டில் பல சிறுகடைகளின் முதல் மூலதனம் மனைவியின் நகை. “ரெண்டு பேரும் பேசித்தான் அடகு வச்சோம்” என்பார்கள். அந்தப் பேச்சில் எது முடிவாகிறது, எது விட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு வலு உண்டு. வருமானச் சான்றோ ஜாமீன்தாரரோ இல்லாதவருக்கும் விரைவில் பணம் கிடைக்கிறது; கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தொழில் ஒருவருடையது, பொருள் மற்றவருடையது என்பதால் நகையைக் கேட்பவர் விளக்கம் சொல்லியாக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய நன்மை. “வாடகை எவ்வளவு? உங்க தம்பியும் கூட்டா?” என்று நகை மதிப்பீட்டாளர் கேட்கமாட்டார். அவர் தங்கத்தை உரசிப் பார்க்கிறார். தொழிலை உரசிப் பார்ப்பவர் மனைவி. சட்டமும் அவருக்குத் துணை. சீதனம் தம்பதியின் கூட்டுச் சொத்தாகாது, நெருக்கடியில் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் தார்மிகக் கடமை அவருக்கு உண்டு என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரளத் தம்பதியின் வழக்கில் சொன்னது.

குறைகள் இரண்டு. மனைவி தயங்கினால் “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்வி வருகிறது. கடையைப் பற்றிய சந்தேகம் கணவரைப் பற்றிய சந்தேகமாக மாறிவிட, மனைவி வாயடைத்துப் போகிறார்.

இரண்டாவது குறை ஆழமானது. மனைவியின் தடுக்கும் உரிமை நகை பெட்டியில் இருக்கும்வரைதான். கணவர் பெயரில் அடகு வைத்தபின், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதை அவர் ஒருவரே முடிவு செய்கிறார். 1 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12% வட்டி என்றால் 5 ஆண்டில் 60,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். தங்கம் விலை ஏறினால் அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கும். அந்தப் பணம் பழைய நட்டத்தை மூடப் போகும்போது, ஏறிய விலையின் லாபமும் கடைக்குள் கரைகிறது.

ஆகவே, “கொடுக்கலாமா?” என்பதோடு “எவ்வளவு போனால் கடையை மூடுவது?” என்பதையும் முதல் நாளே பேசி எழுதிவைக்க வேண்டும். கடனை மனைவி பெயரில் வாங்கினால் ஒவ்வொரு முறை திருப்பி வைக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். தவணை தவறினால் கெடுவதும் அவர் பெயர்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மறு அடகுக்கு மறு சம்மதம் என்ற விதி வீட்டில் வந்தால் பாதிக் குறை தீரும். மீதிப் பாதி, “முடியாது” என்று சொன்ன மனைவியிடம் மறுநாளும் கணவர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதில் இருக்கிறது.