பள்ளிப் பிரவேசமும் பருவப் பாட்டும்: யப்பானும் நானாட்டானும்

சிறுவர் பாடல்களைத் திறனாய்வுக்குரிய பொருளாக ஏற்பதில் நம் புலமையுலகு இன்னும் தயக்கங் காட்டியே வருகின்றது. ‘பாலர்க்கானது’ என ஒதுக்கிவிடும் இம்மனோபாவம், இலக்கியத்தின் சமூகப் பணியை மிகத் தெளிவாகக் காணத்தக்க களமொன்றினை நாமே மூடிவிடுவதற்கு ஒப்பானது. பள்ளியிற் காலடி வைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலிற் கற்பிக்கப்படும் பாட்டு, எவ்வுலகு பாடத்தக்கது, எது பாடத்தகாதது என்னும் தீர்ப்பையும் உடன் கற்பிக்கின்றது. இதனை விளங்கிக்கொள்ள யப்பானின் வசந்தகாலப் பள்ளிப் பாடல்கள் நல்லதோர் உரைகல்லாக அமைகின்றன. க. கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’ 1969இல் வெளிவந்த பின்னர் இத்தகைய ஒப்பீட்டுக்கு நாம் நியாயங் கூறவேண்டியதில்லை.

யப்பானியப் பிள்ளைகள் செரி மலரும் ஏப்பிரலிலே பள்ளி புகுவர். மலரையும் பள்ளியையும் இணைத்தது இயற்கையே என்பது போன்ற தோற்றத்தை அந்நாட்டுப் பாடல்கள் தருகின்றன. உண்மை அதுவன்று. 1886இல் அரசின் நிதியாண்டு ஏப்பிரலிலே தொடங்குமாறு மாற்றப்பட்டது. பள்ளிகளின் ஆண்டுத் தொடக்கமும் படிப்படியாக அதனைத் தழுவிற்று. வரவுசெலவுக் கணக்கின் தேவை முதலில், மலர் பின்னர். அக்கணக்கேட்டின்மீது மலர் தூவும் பணியைப் பாட்டுச் செய்தது.

அப்பாட்டுத்தானும் அரசினால் ஆக்கப்பட்டதே. 1872இற் புதிய கல்விமுறை வகுக்கப்பட்டபின், அமெரிக்காவிற் பயின்று மீண்ட இசாவா சூஜியும், 1880இல் யப்பானுக்கு அழைக்கப்பட்ட அமெரிக்க இசையாசிரியர் மேசனும் பள்ளிப் பாடற்றொகுதிகளை உருவாக்கினர். முதற்றொகுதியில் இடம்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பாட்டின் மெட்டு செர்மானிய நாட்டார் மெட்டாகும். அதன் சொற்களிலே, மலரின் செழிப்போடு பேரரசரின் ஆட்சிச் செழிப்பும் பிணைக்கப்பட்டிருந்தது. போரிலே தோல்வியுற்று இரண்டாண்டுகளின் பின், 1947இல், அவ்வாட்சிப் புகழ் நீக்கப்பட்டது. பூச்சி இப்போது மலர்விட்டு மலர் தாவுவதோடு அமைகின்றது. சின்னஞ்சிறு பூச்சிமீது எவ்வளவு பெரிய பாரம் ஏற்றப்பட்டிருந்தது என்பது அப்பாரம் இறக்கப்பட்ட பின்னரே பலருக்குப் புலப்பட்டிருக்கும்!

ஆயினும் இப்பாடல்கள் யாவற்றையும் ஆதிக்கக் கருத்தியலின் கருவிகள் என ஒற்றை வரியில் முடித்துவிடுவது கொச்சைச் சமூகவியலாகும். 1912இல் வெளிவந்த ‘வசந்த ஓடை’ என்னும் பாட்டு, நாகனோ மலைநாட்டில் உழவர் குடியிற் பிறந்த தக்கானோ தத்சுயுகியினது எனப்படுவது. வாய்க்காலருகே வளரும் சிறு பூக்களையும் நீரிலுள்ள சிறு மீன்களையும் தவிர அதில் வேறெதுவுமில்லை. போதனை இல்லாமையே அதன் வலிமை. 1918இற் சுசுக்கி மியெகிச்சி தொடங்கிய ‘செம்பறவை’ இதழைச் சூழ்ந்த எழுத்தாளர், பள்ளிப் பாடல்களின் வறட்சிக்கு எதிராகக் குழந்தையின் சொந்த மொழியை நாடினர். 1966இல் மாதோ மிச்சியோ எழுதிய முதலாம் வகுப்புப் பாட்டிலே பிள்ளை நூறு நண்பரைத் தேடிக்கொள்ள அவாவுகின்றது. பேரரசர் அங்கு இல்லை.

தமிழுக்கு வருவோம். ஏடு தொடக்கலைச் சூழ்ந்த நம் மரபு நீதிமரபாகும். விசயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதிய பிள்ளை அடுத்துச் சந்திப்பது ‘ஆத்திசூடி’யின் கட்டளையடுக்கினையே. பாரதியின் ‘பாப்பாப் பாட்டு’ (1915) குரலைக் கனிவாக்கியது. கட்டளை வடிவத்தை விடவில்லை. ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ‘ஆடிப்பிறப்பு’ இதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. அங்கே பிள்ளை தோழரை விளித்து அறிவிப்பது பள்ளி விடுமுறையை. பயறு வறுத்தல், மா இடித்தல், தேங்காய் துருவுதல், கூழ் துழாவுதல் என உணவின் உற்பத்தி முறை முழுவதும் வரிசையாக வருகின்றது. உழைப்பவள் தாய் என்பதும் மறைக்கப்படவில்லை. நம் கணிப்பில் ஈழத்துச் சிறுவர் பாடல்களுள் இதற்கு நிகர் அரிது. ஆனால், யப்பானியப் பாடல்களிலே பருவம் பள்ளிக்குள் நுழைய, நம் சிறந்த பாட்டிலே பள்ளி பூட்டப்பட்டாலன்றிப் பருவம் வருவதில்லை என்பது மனங்கொளத்தக்கது. ஒன்று அரசினாற் பள்ளிக்கென ஆக்கப்பட்டது. மற்றையது ஊரின் பண்டிகையிலிருந்து முளைத்தது.

இவ்விடைவெளி எத்துணை அகன்றது என்பதை மன்னார்ப் பெருநிலத்து நானாட்டானில் நின்று நோக்குமிடத்தே அறியலாம். வசந்தம் என நம் செய்யுள் மரபு போற்றும் சித்திரை, வைகாசி இங்கு வெயிற்காலம். அறுத்த தாளும் வெடித்த வயலுமே காட்சி. தென்றலும் மாந்தளிரும் நிறைந்த வசந்த வருணனை இம்மண்ணின் பிள்ளைக்கு யப்பானியச் செரி மலரைப் போலவே தொலைவானது. அருவியாற்று நீர் தேக்கம் அணையால் திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தைச் சேர, அக்குளத்தை நம்பி வடகீழ் மழையோடு பெரும்போகம் விதைக்கப்படும். ஆகவே மார்கழியும் தையுமே இவ்வூரின் பசுமைக்காலம். வங்காலைக் கரையோர நீர்நிலைகளிற் பூநாரைகள் இறங்குவதும் அப்பொழுதே. அந்நீர்நிலைகள் 2010இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பூநாரை பாடநூற் பாட்டிலே சேர்ந்ததாக நாம் காணவில்லை.

இலங்கைப் பாடசாலைகளின் ஆண்டு வழமையாகத் தொடங்குவது சனவரியில். (பெருந்தொற்றின் பின் சில ஆண்டுகள் அது பின்தள்ளப்பட்டமை விதிவிலக்கு.) எனவே நானாட்டான் பிள்ளை தன் ஊரின் உண்மையான வசந்தத்திலேயே பள்ளி புகுகின்றது. யப்பானியர் அரசாணையால் உண்டாக்கிய பொருத்தம் இங்கு எவரும் திட்டமிடாமலே வாய்த்துள்ளது. அதனைப் பாடத்தான் பாட்டில்லை. மாறாக, முன்பள்ளிகளிலே மழையைப் போய்விடுமாறு வேண்டும் ஆங்கிலப் பாட்டு ஒலிக்கின்றது. குளத்து நீரின்றி வாழ்வில்லாத ஊரில், மழையை விரட்டுவதே பிள்ளை பெறும் முதற்பாடம்!

1960–61இற் பாடசாலைகள் அரசுடைமையாயின. 1980 முதற் பாடநூல்கள் இலவசமாயின. ஏழைப் பிள்ளையின் கையிலும் நூல் சேர்ந்தமை பெரும் பேறே. அதனைக் குறைத்து மதிப்பிடோம். எனினும் எல்லாக் கைகளிலும் ஒரே நூல் சேரும்போது, அந்நூலின் பருவம் எவருடைய பருவம் என்னும் வினா கூர்மையடைகின்றது.

இங்கே இன்னொன்றையும் கூறவேண்டும். கதிர் முற்றுங் காலம் கிளி கடியுங் காலமுமாகும். பிள்ளைகளும் காவலுக்கு நின்ற வயல்களிலே, பள்ளி தொடங்கும் மாதமும் வயல் பிள்ளையை இழுக்கும் மாதமும் ஒன்றாகவே இருந்தன. பசுமையை மட்டும் பாடி இவ்வுழைப்பை விடுத்தால் அது மற்றொரு செரி மலரே. உழைப்பிற் பிறந்த பாட்டு நம் நாட்டார் மரபில் உண்டு: அருவி வெட்டுப் பாட்டும் களத்திலே பொலி பாடும் பாட்டும் அத்தகையன. அறுவடை இயந்திரம் வந்தபின் அவற்றைப் பாடும் சந்தர்ப்பமே அருகிவிட்டது. ‘வசந்த ஓடை’க்கு மூலமெனக் கூறப்படும் தோக்கியோ ஓடை நிலத்தடிக் குழாயாகிவிட்டது, பாட்டு வகுப்பறையில் இருந்தமையால் எஞ்சிற்று. நம் அருவி வெட்டுப் பாட்டு எந்நாளும் வகுப்பறைக்குள் அழைக்கப்படவில்லை.