சொல் சுட்டது, கொடுமை சுடவில்லையே!

“சின்னத்திரையில் சேறு வழிகிறது, வசவு வாசற்படி தாண்டி வந்துவிட்டது, இருட்டையே கதையாக்குகின்றனர்” என்று வருந்துவோர் தொகை இன்று பெருகியுள்ளது. வருந்தட்டும். ஆனால் அவர்கள் எதைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர், எதைக் கண்டு முறுவலிக்கின்றனர் என்பதை நாம் ஆராய்ந்தாக வேண்டும்.

சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஓடிற்று, திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’. படித்த பெண்களை மருமகள்களாக்கி, அவர்களை அடுக்களைக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன் அதில் கோலோச்சினான். 2023 செப்டம்பரில் மறைந்த மாரிமுத்து அப்பாத்திரத்திற்கு உயிரூட்டினார். ஆணாதிக்கத்தின் அசல் முகத்தைக் காட்டிய அரிய நடிப்பு அது! பார்த்தோர் செய்தது யாது? பெண்களை அவன் அதட்டும் சொற்களை நகைச்சுவையாக்கி நாடெங்கும் பரப்பினர். கல்லல் கடைத்தெருவிலும் சிறுவர்கள் அந்த அதட்டலைப் பேசிக்காட்டிச் சிரித்தனர். அடிமைத்தனத்தைச் சுட்ட எழுந்த காட்சி, ஆண்டையின் குரலுக்கே விளம்பரமாயிற்று. அச்சிடக் கூசும் வசவு அதில் இல்லை. ஆகவே குடும்பமே கூடி அமர்ந்து பார்த்தது!

மறுபுறம் பாருங்கள். பாலா இயக்கிய ‘நாச்சியார்’ படத்தின் முன்னோட்டம் 2017 நவம்பரில் வெளிவந்தது. காவல் அதிகாரியாக வந்த ஜோதிகா ஒரு வசவுச்சொல்லை உதிர்த்தார். ஒரே ஒரு சொல்! “பெண்ணா இப்படிப் பேசுவது?” என்று பதறினர், வழக்கு வரை சென்றனர். ஆண்கள் வசைபாடிய போதெல்லாம் ஆர்ப்பரித்த அரங்கங்கள், அன்று அறம் பேசின. அவர்களைச் சுட்டது சொல்லன்று. அது பிறந்த வாய்!

வசவின் வேர் எது? நம் கடும் வசவுகளில் பெரும்பாலானவை, திட்டப்படுபவனைத் தொடுவதே இல்லை. அவன் தாயை இழிக்கும், உடன்பிறந்தாளை இழிக்கும், ஒடுக்கப்பட்டோர் சாதியை இழிக்கும். கற்பு என்னும் விலங்கு பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று பெரியார் கேட்ட கேள்விக்கு விடை கூறாத சமுதாயத்தில், வசவு வேறெங்கே வேர்விடும்? வேரை நீரூற்றி வளர்த்துவிட்டு, திரையில் விழும் இலையைக் கண்டு அலறுவதால் ஆவதென்ன?

தடை ஒன்றே மருந்து என்போருக்கு வரலாறு விடை கூறும். 1952இல் ‘பராசக்தி’ வந்தபோதும் தடை செய்க என்றே கூச்சலிட்டனர். எம்.ஆர். இராதாவின் நாடகங்களை அடக்க 1954இல் சட்டமே வந்தது. அந்தக் கூச்சலோடு நாம் குரல் சேர்க்கலாகாது. ‘காலேஜ் ரொமான்ஸ்’ என்ற இந்தி இணையத் தொடரின் வசைமொழிக்காக வழக்குப் பதியுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை நீக்கிற்று. வசைச்சொல் வேறு, ஆபாசம் வேறு என்றது. நல்ல தீர்ப்பு! ஆயினும், குற்றமன்று என்பதாலேயே ஒன்று கலையாகிவிடாது. கதையில் கருத்தில்லாக் குறையை மறைக்க, கறிக்கு மசாலாபோல் வசவைத் தூவுவோரை நாம் வாழ்த்தவும் இயலாது.

ஆகவே அளவுகோல் ஒன்று வேண்டும்: அந்த இருள் யாருக்காக? 2022இல் வெளிவந்த ‘சுழல்’ தொடர், சிறார் மீதான பாலியல் வன்கொடுமையைப் பேசிற்று. பல வீடுகள் வாய்மூடி மறைத்த கொடுமை அது. அவ்விருளைக் காட்டாமல் ஒரு குழந்தையின் கண்ணீருக்கு விளக்கம் கூறுவது எங்ஙனம்? பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று காட்டப்படும் இருள், விளக்கேற்றத் தூண்டும். கொடியவனைக் கண்டு கைகொட்டச் செய்யும் இருளோ, வசவே இல்லாவிடினும், நஞ்சு.

தோழர்களே! கெட்ட சொல் கேட்டதும் செவியைப் பொத்துகிறோம். பெண்ணொருத்தி அவமதிக்கப்படும்போது நம் கை எங்கே போகிறது? செவிக்கா, கைதட்டலுக்கா? தொலைக்காட்சியைத் திருத்துமுன், திரைக்கு முன்னே அமர்ந்திருக்கும் நம் உள்ளத்தைத் திருத்துவோம்!