டபிள்பேஸின் நாதமும் பெயர்மதிப்பும்

சீவக சிந்தாமணியிலே காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு எழுந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இது நீரில் நின்று நைந்த மரம், இது இடி வீழ்ந்த மரம், இது வெந்த மரம் எனக் குற்றங் கூறி ஒதுக்குகின்றான். அவற்றைச் செய்த தச்சன் யாரென அவன் வினவினானல்லன். மரத்தைப் பார்த்தான், நரம்பைப் பார்த்தான். மேனாட்டு இசையில் டபிள்பேஸ் என்னும் கருவியைப் பற்றி எழுதப்பட்டுள்ள மதிப்பீடுகளைப் படிக்குந்தோறும் இக்காட்சி நினைவுக்கு வருகின்றது. அங்கே பெரும்பாலும் முதலில் எழும் வினா, 'யார் செய்தது?' என்பதே. நாதத்தைப் பற்றிய வினா அதன் பின்னரே பிறக்கின்றது. அப்பொழுது விடையும் பாதி முடிந்துவிடுகின்றது.

டபிள்பேஸ் வயலினோடு சேர்த்தெண்ணப்படும் கருவிகளுட் பெரியது. நம் இசைநூலார் மெலிவு என வழங்கும் கீழ்த்தானம் அதற்குரியது. நான்கு நரம்புகளுள் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. இங்கே ஒரு சிறு கணக்கு வேண்டும். வயலினின் உடல் ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர். அதன் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு 196 அதிர்வு. அவ்விகிதத்தையே பின்பற்றினால் டபிள்பேஸின் உடல் மாத்திரம் 170 சென்ரிமீற்றரளவு நீளவேண்டும். அத்தகைய கருவியை மனிதன் கையாள்வது அரிது. ஆகவே 110 அல்லது 115 சென்ரிமீற்றரோடு அமைந்துகொள்கின்றனர். இதன் பயன், அடிநரம்பின் முதற்சுரத்தை உடல் நன்கு ஒலிக்கமாட்டாமை. மேலெழும் இசைக்கூறுகளையே அது வலுவாக விடுக்கின்றது. குறைந்த அடிச்சுரத்தை நம் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது.

ஆதலின் ஒவ்வொரு தச்சனும் ஏதோவொன்றை விட்டுக்கொடுத்தே ஒன்றைப் பெறுகின்றான். வயலினுக்கு வடிவம் நெடுங்காலத்துக்கு முன்பே நிலைத்துவிட்டது. டபிள்பேஸுக்கு இன்றுவரை நிலைக்கவில்லை. சிலவற்றின் தோள் சரிந்தது, சிலவற்றினது அகன்றது; சிலவற்றின் முதுகு தட்டை, சிலவற்றினது குவிவு. தட்டைமுதுகு விரைந்து தெளிவாகப் பேசும் என்றும், குவிந்த முதுகு கனிவும் நிறைவும் உடையது என்றும் வாசிப்போர் கூறுவர். இரண்டும் ஒருங்கே உடைய கருவியைத் தேடுவது, நெடிதும் குறிதுமான ஒரே கோலைத் தேடுவதை ஒக்கும்.

புகழ்பெற்ற இருவரின் கருவிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். வேனிசிற் பிறந்த திராகொனெற்றி (1763-1846) வாசித்தது, கஸ்பாரோ த சாலோ செய்ததெனப் போற்றப்படும் கருவி. 1794 முதல் இலண்டனில் வாழ்ந்து, அரை நூற்றாண்டளவாக வாத்தியக் குழுக்களின் அடித்தளமாக நின்றவர் அவர். 1799இல் வியன்னாவில் பேதோவன் பியானோ வாசிக்க, அவர் செல்லோவுக்கென எழுதிய இசையைத் தம் கருவியிலே வாசித்துக் காட்டினார் என்பர். பொத்தெசினியோ (1821-1889) 1716இல் தெஸ்தோரே செய்த கருவியைக் கொண்டவர். மெல்லிய நரம்புகளைப் பூட்டி, வழக்கத்தினும் உயர்ந்த சுருதியில் நிறுத்தி, பாடகியின் குரலையொத்த இனிமையை அதிலிருந்து வருவித்தார். இருவர் கருவியும் மூன்று நரம்பே உடையன. இன்றைய நான்காவது அடிநரம்பு அவற்றில் இல்லை. பொத்தெசினியின் வழியை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும் மெலிவுக்குரிய கருவி வலிவுத்தானத்தில் ஏறிப் பாராட்டுப் பெறும்போது, அப்பாராட்டு வாசித்தவரின் விரலுக்கு உரியதேயன்றிக் கருவியின் இயல்புக்கு உரியதாகாது. தனியிசையில் இனித்த அத்தகைய கருவியைக் குழுவில் எட்டுப் பேரிடையே நிறுத்தினால் அது தாங்குமா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பருமை ஒன்றே போதும் என எண்ணியவர் பாரிசின் வுயோம். 1850ஐ அண்டி அவர் செய்த ஒக்ரோபாஸ் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரமானது. வாசிப்பவர் மேடைமீதேறி, நெம்புகோல்களால் நரம்பை அழுத்தவேண்டும். அது இன்று பாரிசின் இசை அரும்பொருட்சாலையில் இருக்கின்றது, இசைக்குழுக்களில் பரவலாக இடம்பெறவில்லை. ஒரு சுரத்தை முடித்து மறுசுரத்துக்குச் செல்ல இயலாத கருவிக்குக் கம்பீரம் இருந்தும் பயன் சிறிது.

பெயரின் கதைக்கு வருவோம். நடத்துநராகவும் விளங்கிய கூசெவிற்ஸ்கி (1874-1951) வாசித்த டபிள்பேஸ், 1611இல் அமாத்தி சகோதரர் செய்தது என நெடுநாள் நம்பப்பட்டது. அவர் மறைந்தபின் அவர் மனைவியார் அதனை இளங்கலைஞரான கரி கார் என்பாருக்கு வழங்கினார். அதன் நாதத்தைப் புகழ்ந்தோர் யாவரும் அமாத்தியின் பெயரையும் உடன் புகழ்ந்தனர். 2005இல் வெளியான ஆய்வொன்று அதன் முகப்பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணியது. 317 வளையங்கள், முதலாவது 1445, இறுதியானது 1761. அல்ப்ஸ் மலையின் உயர்ந்த சாரலில் வளர்ந்த மரம் அது. 1761இல் உயிரோடு நின்ற மரத்தில் 1611இல் கருவி செய்தல் எவ்வாறு? சீவகன் யாழை நோக்கியதுபோல் மரத்தை நோக்கியவர் ஒரு பெயரை வீழ்த்திவிட்டனர்.

அவ்வாய்வு வெளிவந்த நாளில் அக்கருவியின் நாதத்தில் ஓர் இழையும் குறைந்ததில்லை. முந்தைய நாள் இருண்ட இனிமையுடையதாயிருந்த குரல் மறுநாளும் அவ்வாறே ஒலித்தது. மாறியது கேட்போர் தம் செவிக்கு முன்னே பிடித்திருந்த கண்ணாடி.

இதன் மறுதலையும் உண்டு. சிகாகோவின் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதி முதல் ஒட்டுப்பலகையாற் செய்த கருவிகளை, செதுக்கிய ஸ்புரூஸ் மரத்தைப் போற்றுவோர் பொருட்படுத்துவதில்லை. வில்லால் இழுக்கும்போது அவற்றின் குரல் வறண்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜாஸ் இசையில் நரம்பை விரலால் தெறிக்கும்போது கார்வை நீளாமல் உடனே அடங்கும் அவ்வொலி, நம் மிருதங்கத்தின் தொப்பிபோல் தாளத்தைத் தெளிவாக நாட்டுகின்றது. குடல்நரம்பு பூட்டியபோது இக்குணம் மிகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவிய உருக்கு நரம்பு கார்வையை நீட்டி, இக்குணத்தை ஓரளவு போக்கியது. மலிவான பொருள் தன் தொழிலுக்குத் தக்கதாயின் அதனைத் தாழ்ந்ததென்பது மதிப்பீடாகாது.

பழைய கருவிகளைப் புகழ்வோர் இன்னொன்றையும் கருதவேண்டும். அவற்றுட் பல, செய்தவர் விட்டபடி இன்று இல்லை. தோள்கள் அறுக்கப்பட்டன, கழுத்து மாற்றப்பட்டது, மூன்று நரம்பினது நான்காயிற்று, ஐந்தும் ஆறும் உடையன குறைக்கப்பட்டன. உள்ளே தாங்குகட்டை புதியது, நரம்பு நேற்றைய உருக்கு. பதினேழாம் நூற்றாண்டின் நாதம் எனச் சுட்டப்படுவதில் அந்நூற்றாண்டுக்கு உரியது எவ்வளவு, பின்னர் அறுத்தும் ஒட்டியும் திருத்தியோர்க்கு உரியது எவ்வளவு என்பதை எந்தச் சான்றிதழும் பிரித்துக் காட்டுவதில்லை.