'நடை' உறுப்பின் புள்ளிகள்: வட்டார வேறுபாடு என்னும் விளக்கம் போதுமா?

சீன எழுத்துகளில் 'நடத்தல்' எனும் பொருளைச் சுட்டும் அடிப்படை உறுப்பு, 1716ஆம் ஆண்டின் காங்சி அகராதி வகுத்த 214 உறுப்புகளுள் 162ஆவது ஆகும். பிற பகுதியை இடப்புறமும் அடியிலும் தழுவி நிற்கும் இவ்வுறுப்பின் தலையில் ஒரு புள்ளி இடுவதா, இரண்டு இடுவதா என்பதில் வேறுபாடு உண்டு. இதனை நாடுகளுக்கு இடையிலான வட்டார வேறுபாடு என விளக்குவதே பெருவழக்கு. இவ்விளக்கம் முழுமையானதன்று.

வட்டார விளக்கத்திற்குச் சான்றுகள் உள்ளன. சீனப் பெருநிலத்தின் 1965ஆம் ஆண்டு அச்சு வடிவப் பட்டியலும் தைவானின் 1982ஆம் ஆண்டுத் தர வடிவப் பட்டியலும் ஒற்றைப் புள்ளியையே ஏற்றன. எனினும் பெருநிலத்தார் இவ்வுறுப்பை மூன்று கீற்றுகளாகவும் தைவானியர் நான்காகவும் எண்ணுவர். எனவே 'வழி' எனும் எழுத்து முறையே 12, 13 கீற்றுகள் பெறுகிறது. கீற்றெண் வரிசையில் அமையும் அகராதிகளில் அதன் இடமும் மாறுகிறது.

ஜப்பானிய வழக்கு இவ்விளக்கத்திற்கு அடங்குவதில்லை. அங்கு 1949ஆம் ஆண்டு வடிவப் பட்டியல், அன்றைய அரசுப் பட்டியலில் இடம்பெற்ற எழுத்துகளுக்கு மட்டும் ஒற்றைப் புள்ளியை விதித்தது. பட்டியலுக்குப் புறம்பானவற்றின் அச்சுத் தர வடிவமாக 2000ஆம் ஆண்டில் இரட்டைப் புள்ளி வகுக்கப்பட்டது. 2010இல் 'புதிர்' முதலிய எழுத்துகள் பட்டியலில் சேர்ந்தபோது, ஒற்றைப் புள்ளியும் ஏற்கத்தக்கது எனும் குறிப்புடன், இரட்டைப் புள்ளியோடே சேர்ந்தன. ஆக, ஒரே நாட்டில், ஒரே பட்டியலில் 'வழி' ஒரு புள்ளியும் 'புதிர்' இரு புள்ளிகளும் பெறுகின்றன. இங்குப் புள்ளி காட்டுவது வட்டாரத்தை அன்று. எழுத்து பட்டியலுள் புகுந்த காலத்தையே.

புள்ளியின் எண்ணிக்கை சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆதலின் ஒலியனியலில் மாற்றொலிகளைப் போல இவற்றை ஓரெழுத்தின் மாற்று வடிவங்களாகக் கொண்டு, ஒருங்குறி ஒரே குறியெண் வழங்கியது பொருத்தமே. ஆயினும் அதே ஒருங்குறி 1999இல் உறுப்புகளைத் தனியே தொகுத்தபோது, ஒற்றைப் புள்ளி வடிவம், இரட்டைப் புள்ளி வடிவம், பெருநில எளிய வடிவம் ஆகிய மூன்றிற்கும் மூன்று குறியெண்களை அளித்தது. உறுப்பு நிலையில் வேறெனவும் எழுத்து நிலையில் ஒன்றெனவும் கொள்வது முரண்பாடாகும்.

இம்முரண்பாடு ஏட்டளவில் நிற்பதன்று. 'ட்சுஜி' எனும் குடும்பப் பெயருக்குரிய எழுத்தின் மாதிரி வடிவத்தை 2004ஆம் ஆண்டு ஜப்பானியத் தொழில் தரம் இரட்டைப் புள்ளிக்கு மாற்றியது. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதனைப் பின்பற்றியது. குறியெண் மாறாதிருக்கவே, பெயரின் தோற்றம் கணிப்பொறிக்குக் கணிப்பொறி வேறுபட்டது. பொருள் வேறுபாடு இல்லை என்பது மொழியியல் உண்மை. தம் பெயரின் வடிவம் தமக்கு உரியது என்பது பெயருடையோர் உணர்வு. 2007 முதல் பதிவு பெறும் வடிவத் தேர்வுக் குறிகள் இவ்விரண்டிற்கும் இடமளிக்கின்றன.

கையெழுத்தில் அச்சு வடிவ வேறுபாடுகளைப் பிழையெனக் கொள்ளலாகாது என 2016ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு வழிகாட்டி தெளிவுறுத்தியது. எனவே வடிவ வேறுபாடுகளை ஆராய்வோர் நாட்டின் பெயரோடு அமையாது, காலம், பட்டியல், அச்சு, கையெழுத்து ஆகியவற்றையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.