நிரூபிக்க வேண்டாத துயரம்

தில்லி மந்திர் மார்க்குக்கு 1947இல் ரீடிங் ரோடு என்று பெயர். பிர்லா மந்திரும் காளி பாரியும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் உள்ள இந்தச் சாலையில்தான் வால்மீகி குடியிருப்பும் இருக்கிறது. அங்கே துப்புரவுத் தொழிலாளர் நடுவே காந்தி தங்கியிருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குர்ஆன் ஓதப்படுவதைச் சிலர் எழுந்து தடுத்தார்கள். ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் மார்ச் மாதம் நடந்த கொலைகளின் கொதிப்பு ஆறாத நாள்கள் அவை. அந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்த துக்கத்தை யார் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று தேடிப்போனால், கோப்புகளைவிட நாவல்களில்தான் அதிகம் அகப்படுகிறது.

இந்தி எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டிக்காரர். கலவரம் முடிந்த கையோடு காங்கிரஸ் நிவாரணக் குழுவில் வேலை பார்த்தவர். பிறகு தில்லிக்கு வந்து கல்லூரி ஆசிரியரானார், நிறைய எழுதினார். ஆனால் அந்தக் கலவரம் நாவலாக வரவில்லை. 1970இல் மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் கலவரம் வெடித்தது. அண்ணன் பல்ராஜ் சாஹ்னியுடன் அங்கே போனவருக்குப் பாழடைந்து கிடந்த தெருக்களில் ராவல்பிண்டி திரும்பக் கண்ணில் பட்டது. அதன் பிறகே ‘தமஸ்’ எழுதினார். 1975இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலின் பிற்பகுதியில் நிவாரண அலுவலகத்தில் கணக்கெடுக்கும் பாபு ஒருவர் வருகிறார். எல்லாம் இழந்தவர்கள் அவர் முன்னால் தங்கள் கதையைச் சொல்ல வாய் திறக்கிறார்கள். அவருக்கு வேண்டியதோ எண்கள்: செத்தவர்கள் எத்தனை, நஷ்டம் எவ்வளவு. அந்தப் படிவத்தில் இடம் கிடைக்காத பேச்சுக்கெல்லாம் கால் நூற்றாண்டு கழித்து இடம் ஒதுக்கிய புத்தகமாகவே ‘தமஸ்’ஸை வாசிக்கிறேன்.

எழுதினால் மனம் ஆறும் என்பதை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் கொடிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது 1996இல் மெலனி கிரீன்பெர்க் குழுவினர் செய்த ஆய்வு. பெருந்துயரத்தைக் கண்டிருந்த கல்லூரிப் பெண்களில் ஒரு பகுதியினர் தமக்கு நடந்ததை எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் நடக்காத ஒரு துயரத்தைக் கற்பனை செய்து, தமக்கே நடந்ததுபோல எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினருமே நோயென்று மருத்துவரைத் தேடியது குறைந்திருந்தது. உண்மையை எழுதியவர்களிடம் மட்டும் சோர்வு கூடியிருந்தது. இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டிவிட முடியாது. 2006இல் ஜோவான் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எழுத்தால் பலன் உண்டு, ஆனால் சிறிது என்றுதான் கண்டார்.

தன் துயரை வேறொரு துயரத்தின் பேரில் சொல்வது நம் ஊர் எழவு வீட்டுக்குப் புதிதல்ல. செத்தவர் யாராக இருந்தாலும், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் பெண் தன் தாய்வீட்டுக் குறையையும் புருஷன் செய்த கொடுமையையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இறக்கிவைத்துவிடுவாள். அங்கே அவளிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை.

என் வாசிப்பில், புனைவு ஆற்றுவது இந்த வழியில்தான். பட்ட துன்பத்தைக் காவல் நிலையத்தில் சொன்னாலும், நிவாரண அலுவலகத்தில் சொன்னாலும், சில வேளை சொந்த வீட்டில் சொன்னாலும்கூட நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கதைக்குள் அந்தக் கட்டாயம் இல்லை. ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவல் இதை வடிவத்திலேயே காட்டுகிறது. அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, 1993இல் பிரான்சில் தஞ்சம் புகுந்தவர் அவர். நாவல் ஓர் அகதி விண்ணப்பமாகத் தொடங்குகிறது. தேதி, இடம், சித்திரவதை என்று அதிகாரி நம்பும்படி ஒழுங்கான வரிசை. பிறகு அந்த ஒழுங்கை உடைத்துக்கொண்டு ஊர் வருகிறது, சண்டியரான அப்பா வருகிறார், சிரிப்பும் அசிங்கமும் வருகின்றன. எந்தத் தஞ்ச வழக்கிலும் ஒரு அகதி சொல்லத் துணியாதவை அவை. சொல்ல முடிந்தது அது நாவல் என்பதால்தான்.

பெருமாள்முருகன் இன்னும் சுற்றி வந்தார். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகு, ஆகஸ்டில் தில்லியில்தான் ‘கோழையின் பாடல்கள்’ கவிதைத் தொகுப்போடு வாசகர் முன் வந்தார். அதே ஆண்டு வந்த நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியை எடுத்துக்கொண்டார். அந்தக் குட்டிக்குக்கூட அதிகாரிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, காது குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2015இல் நடந்ததைக் கட்டுரையாக எழுதியிருந்தால் இவ்வளவு அச்சத்தை நமக்குக் கடத்தியிருக்க முடியுமா?

எல்லாக் காயத்துக்கும் சாஹ்னிக்குக் கிடைத்ததுபோன்ற கால இடைவெளி வாய்ப்பதில்லை. ஈழத்தின் ‘புளொட்’ இயக்கத்தின் உட்கொலைகளையும் சித்திரவதைகளையும் சொன்ன ‘புதியதோர் உலகம்’ நாவல் 1985இலேயே வந்துவிட்டது. கோவிந்தன் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் இயக்கத்தை விட்டுத் தப்பி வந்தவர். தன்னை ஆற்றிக்கொள்ள எழுதிய நூலாக அது எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. 1991இல் அவர் காணாமல் ஆக்கப்பட்டார். எழுத்தின் ஆறுதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

தலித் எழுத்தாளர் பாமாவோ தன்னை ஆற்றிக்கொள்ளத்தான் எழுதினேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, வேலையும் பிடிப்பும் இல்லாமல் நின்றபோது பிறந்தது ‘கருக்கு’ (1992). வாழ்க்கையை அப்படியே எழுதியதால், அதில் தங்களை அடையாளம் கண்ட ஊர்க்காரர்கள் முதலில் கோபப்பட்டார்கள். இரண்டாண்டில் வந்த ‘சங்கதி’யில் ‘நான்’ பின்னுக்குப் போய்ப் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பல குரல்கள் முன்னுக்கு வந்துவிட்டன. அதில் பேய் பிடித்து ஆடும் பெண்களைப் பற்றிய பேச்சு வருகிறது. தங்கள் தெருப் பெண்களுக்கு மட்டும் ஏன் பேய் பிடிக்கிறது என்று கதை சொல்பவள் யோசிக்கிறாள். காடு கழனியிலும் வீட்டிலும் ஓயாமல் வேலை, அடி, பசி, இவற்றைச் சொல்ல வழியே இல்லாத பெண்கள் அவர்கள் என்று அவளுக்குப் புலப்படுகிறது.