நல்லெண்ணத்தில் முடிந்த புகார்

2023 ஆகஸ்டில் எனக்கு ஒரு மொபைல் பில் வந்தது. 61 மெகாபைட் டேட்டாவுக்கு 33,550 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 39,589. அந்தப் பில்லோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கணிசமான தொகை திரும்பக் கிடைத்தது. அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்பீர்கள். பணம் திரும்பிய விதம்தான் எனக்கு உறுத்தல். புகார் முடிந்தது, ஆனால் யார் பக்கம் தவறு என்று யாருமே சொல்லவில்லை. சொல்லாமலே முடிப்பதற்கு வசதியாகத்தான் மொத்த ஏற்பாடும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மற்ற கம்பெனி ஆட்களிடம் இருக்கும் நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

நடந்தது இதுதான். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் ஹெல்சின்கியில் இருந்தேன். சென்னை போஸ்ட்பெய்ட் எண்ணில் ரோமிங் பேக் போட்டிருந்தேன். பின்லாந்து, எஸ்தோனியா இரண்டும் அதில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலினுக்குக் கப்பல் ஏறினேன். இடையில் பின்லாந்து வளைகுடா, சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். காலை 10.30க்குக் கிளம்பி 12.30க்கு இறங்கினோம். பழைய நகரத்தைச் சுற்றினேன், சாப்பிட்டேன், சாயங்காலக் கப்பலில் திரும்பினேன். அன்று இரவு போனில் சிக்னல் இல்லை. ரோமிங்கையே துண்டித்துவிட்டிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஆபீஸ் வைஃபையில், பில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் ஊர் கம்பெனியிடம் புகார் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அடுத்து வருவது புதிதல்ல. பில்லில் அச்சிட்டிருக்கும் 198ஐ அவர்களுடைய நெட்வொர்க்கிலிருந்துதான் கூப்பிட முடியும். 1800 என்று தொடங்கும் எண்களுக்கு அங்கிருந்து அழைப்பு போகவில்லை. ரோமிங் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு தனி எண் உண்டு. ஆனால் அதை அதே சிம்மிலிருந்துதான் கூப்பிட வேண்டும், அந்த சிம்மைத்தான் முடக்கியாயிற்றே. ஆப்பில் சாட் செய்யலாம் என்று உள்ளே போனால், உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்கிறது. எந்த எண்ணுக்கு? செத்துக்கிடக்கும் அதே எண்ணுக்கு.

சரி என்று மனைவியை வைத்துச் சென்னையிலிருந்து பேசச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "நம்பர் உங்க பேர்ல இருக்காம். உங்ககிட்டதான் பேசுவாங்களாம். அதுவும் அந்த நம்பர்லேருந்தே கூப்பிடணுமாம்." நான் எதுவும் சொல்லவில்லை. "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கடைசியில் மின்னஞ்சல்தான் வழிவிட்டது. இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். ட்ராய் 2012 ஜனவரியில் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் குறைதீர்ப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் 2007 விதிகளில் மூன்று படிகள் இருந்தன: கால் சென்டர், நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி. 2012ல் நடுப்படியை எடுத்துவிட்டார்கள். இப்போது முதலில் புகார் மையம். அங்கே டாக்கெட் எண் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு உதவ இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. ஒருவர் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர், இன்னொருவர் கம்பெனிக்காரர். மேல்முறையீட்டு அதிகாரியும் கம்பெனி நியமிப்பவர்தான். தனிநபர் புகாரை ட்ராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

காகிதத்தில் இது மோசமான ஏற்பாடு இல்லை. குறை எங்கே என்றால், விதி நாட்களைக் கணக்கிடுகிறதே தவிர, பதிலுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று அழுத்திக் கேட்பதில்லை. என் முதல் புகார் மூன்று நாளில் மூடப்பட்டது. "சரிபார்த்தோம், கட்டணம் சரியானதே." என்ன சரிபார்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. காலக்கெடுவுக்குள் முடிந்த புகார் என்று அது அவர்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் இருந்தது ஒரே வரி: தேதி, 14:02 என்ற நேரம், 61 மெகாபைட், நாடு என்ற இடத்தில் 'இதர'. 14:02க்கு நான் டாலினில் ஒரு ஓட்டலில் இருந்தேன். 14:05க்குக் கார்டு தேய்த்த ரசீது கையில் இருக்கிறது. மாட்டினார்கள் என்று நினைத்து, அந்த ரசீதை இணைத்து, ரொம்ப வீராவேசமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பி இரண்டு நாள் கழித்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அது இந்திய நேரமாக இருந்தால்? கோடையில் எஸ்தோனியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இந்திய நேரம் 14:02 என்றால் அங்கே 11:32. நான் நடுக்கடலில்.

போனில் புகைப்பட பேக்கப் பதிவைத் திறந்து பார்த்தேன். 11:30ஐ ஒட்டி, மேல்தளத்தில் எடுத்த படங்கள் வரிசையாக மேலே ஏறியிருந்தன. ஆக, டேட்டாவைப் பயன்படுத்தியது என் போன்தான். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு நேர மண்டலம் காலை வாரிவிட்டது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குப் பில் போடும்போது எந்த ஊர் நேரம் என்று ஏன் குறிக்கக்கூடாது? ரோமிங் கணக்கை ஒரு நெட்வொர்க் இன்னொரு நெட்வொர்க்குக்கு அனுப்ப டேப் என்ற கோப்பு முறை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் உள்ளூர் நேரமும் இருக்கும், உலகப் பொதுநேரத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பதும் இருக்கும், எந்த நெட்வொர்க் என்பதும் இருக்கும். அவ்வளவும் கம்பெனிக்கு வருகிறது. பில்லில் நமக்கு வருவது 'இதர'.

அந்த 'இதர' என்ன என்று நானே தேடிக் கண்டுபிடித்தேன். பெரிய பயணிகள் கப்பல்களில் தனி மொபைல் நெட்வொர்க் வைத்திருக்கிறார்கள். கரையின் சிக்னல் போனதும் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக வெளியே போகும். இந்தியாவின் நாட்டுக் குறியீடு 404, 405. பின்லாந்துக்கு 244, எஸ்தோனியாவுக்கு 248. கப்பலும் விமானமும் எந்த நாட்டிலும் சேராததால் அவற்றுக்கு 901 என்ற பொதுக் குறியீடு. என் பேக் 244க்கும் 248க்கும் செல்லும். நடுவில் இருக்கும் 901க்குச் செல்லாது. பேக் விவரப் பக்கத்தின் அடியில், 'கப்பல், விமானம் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. நான் படிக்கவில்லை. கப்பலிலும் ஏதோ அறிவிப்புப் பலகை இருந்த ஞாபகம். போனை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்படியானால் கட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே? இல்லை. இங்கேதான் என் வாதம் மாறியது. நான் பயன்படுத்தவில்லை என்பதை விட்டுவிட்டேன். 'உங்களுக்குத் தெரிந்திருந்தும் ஏன் நிறுத்தவில்லை' என்று கேட்டேன். அதே பில்லின் முதல் பக்கத்தில் என் கடன் வரம்பு 5,000 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. ஐயாயிரத்தில் நிற்க வேண்டியது எப்படி முப்பத்து மூவாயிரம் வரை ஓடியது?

அவர்கள் பதில்: வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து பயன்பாட்டு விவரம் தாமதமாகத்தான் வரும், அதனால் உடனே எச்சரிக்க முடியாது. கேட்க நியாயமாக இருக்கும். குரல் அழைப்புக்கு இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. டேட்டாவுக்கு இது செல்லாது. காரணம் எளிது. ரோமிங்கில் டேட்டா வழக்கமாக வீட்டு வழியாகத்தான் போகிறது. கப்பலில் இருக்கும் என் போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் செயற்கைக்கோள் ஏறி, இறங்கி, இந்தியாவில் இருக்கும் என் கம்பெனியின் கேட்வேக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. நீங்களே சோதிக்கலாம். அடுத்தமுறை வெளிநாட்டில் இந்திய சிம்மின் டேட்டாவில் இருக்கும்போது, உங்கள் ஐ.பி. முகவரி எந்த நாட்டைக் காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இந்தியா என்றுதான் வரும். என் மின்னஞ்சல் கணக்கின் உள்நுழைவுப் பதிவிலும் அப்படித்தான் இருந்தது: பால்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்த 11:40க்கு, முகவரி இந்தியா.

ஆக, அந்த 61 மெகாபைட்டும் அவர்கள் பெட்டி வழியாகத்தான் போனது. போன் இணைப்புக் கேட்கும்போதே எந்த நெட்வொர்க்கில் இருந்து கேட்கிறது என்பதும் அந்தப் பெட்டிக்கு வந்துவிடும். 901 என்று பார்த்ததும் இணைப்பை மறுக்கலாம். ஐயாயிரத்தைத் தொட்டதும் அறுக்கலாம். ப்ரீபெய்டில் காசு தீர்ந்த நொடியே நிறுத்தத் தெரிகிறதே.

இன்னொன்று எனக்கு இதைவிடச் சுருக்கென்றது. கம்பெனிகளுக்குள் ரோமிங் மோசடியைப் பிடிக்கவென்றே தனி ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பயன்பாட்டு விவரத்தை, அழைப்பு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள், வெளிநாட்டு நெட்வொர்க் சொந்த நெட்வொர்க்குக்கு அனுப்பிவிட வேண்டும். வாடிக்கையாளர் கம்பெனியை ஏமாற்றிவிடாமல் இருப்பதற்காக வைத்த மணி அது. என் ரோமிங்கை அன்று இரவே துண்டித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? அவர்களுடைய பணத்துக்கு ஆபத்து என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. என் பணத்துக்கு ஆபத்து என்று எனக்குச் சொல்ல ஒன்பது நாள்.

ஐரோப்பாவில் இது வேறு மாதிரி. 2010லேயே, டேட்டா ரோமிங் 50 யூரோவைத் தொட்டால், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்டிருந்தாலொழிய நிறுத்திவிட வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். 2022ல் புதுப்பித்த விதியில் கப்பல், விமான நெட்வொர்க்குகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். தெரியாமல் அவற்றில் இணைந்து காசு போகாதபடி கம்பெனி நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும், வேண்டாம் என்று விலகும் வசதியும் தர வேண்டும். என் பக்கத்து இருக்கையில் இருந்த பின்லாந்துக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. எனக்கு இல்லை. ஒரே கப்பல், ஒரே கடல். வித்தியாசம் சிம் எந்த ஊருடையது என்பதில்.

இதையெல்லாம் எழுதி மேல்முறையீடு செய்தேன். ஆனால் அதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டேன். அதையும் சொல்ல வேண்டும். பில் கட்டும் கடைசித் தேதி நான் ஊர் திரும்புவதற்கு ஆறு நாள் முன்னால். கட்டவில்லையென்றால் எண் மொத்தமாக முடங்கும். அந்த எண்ணில்தான் வங்கி, வருமான வரி, ஆதார், அப்பாவின் மருத்துவக் காப்பீடு எல்லாமே தொங்குகிறது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பில் தகராறு என்றால் சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம். இன்று எண் என்பது வீட்டுச் சாவி. சாவி எதிராளியின் பாக்கெட்டில் இருக்கும்போது பேரம் எப்படி நடக்கும்? தகராறில் இருக்கும் தொகையை விசாரணை முடியும்வரை கேட்கக்கூடாது, எண்ணை முடக்கக்கூடாது என்று ஒரே ஒரு விதி இருந்தால் போதும், பாதிப் புகார்களின் போக்கே மாறிவிடும். என் மனைவி தன் கணக்கிலிருந்து 39,589ஐயும் கட்டினாள்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். போகலாம். தொலைபேசிப் பில் தகராறு அங்கே செல்லாது என்று 2009ல் வந்த ஒரு தீர்ப்பு ரொம்ப நாள் குறுக்கே நின்றது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் தெளிவாகத் திறந்துவிட்டது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். நான் மனுவைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

36வது நாள் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. கட்டணம் விதிமுறைப்படி சரியானது. இருந்தாலும் நீண்டகால வாடிக்கையாளர் என்பதால், நல்லெண்ண அடிப்படையில் 25,000 ரூபாய் வரவு வைக்கிறோம். எந்த நெட்வொர்க் குறியீடு, எந்த நேர மண்டலம், ஐயாயிரம் வரம்பு ஏன் வேலை செய்யவில்லை என்று மூன்று முறை கேட்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

'நல்லெண்ணம்' என்ற சொல்லை நிறைய யோசித்தேன். தப்பு எங்களுடையது என்று எழுதினால் அடுத்த ஆள் அதைக் காட்டிக் கேட்பான். தப்பு உன்னுடையது என்றே நின்றால் நான் நீதிமன்றம் போவேன். நல்லெண்ணம் இரண்டையும் தவிர்க்கிறது. விடாமல் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடலாம். முதல் பதிலோடு சோர்ந்துபோகிறவரிடம் முழுசாக வாங்கிக்கொள்ளலாம். கேட்வேயில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. நானும் அதை ஏற்றுக்கொண்டேன், மனு இன்னும் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

அந்த 25,000 வங்கிக்கு வரவில்லை. பில் கணக்கில் வரவாக நிற்கிறது. என் மாதப் பில் வரியோடு 707 ரூபாய். 35 மாதம் ஓடும். அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் மீதி என்ன ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். டாக்கெட் எண் உடனே வந்தது. இது பதினொன்றாவது மாதம்.