வெட்டி: ஒரு சொல்லின் கணக்கு

வெட்டிப்பய, வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு. ஒன்றுக்கும் உதவாதது என்பதுதான் இன்றைக்கு இந்தச் சொல்லுக்குப் பொருள். அந்தப் பொருள் எப்படி வந்து ஒட்டியது என்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெய்க்கீர்த்தியை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அதற்குக் கீழே கிடக்கும் வரிப் பட்டியலைத் தாண்டிப் போனார்கள்.

அந்தப் பட்டியலில்தான் வெட்டி இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிப் பெயர்களில் இதுவும் ஒன்று என்பதை நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். கடமை நெல்லாகப் போனது. வெட்டி உடம்பாகப் போனது. கூலி கேட்க முடியாத உழைப்பே வரி.

1010 வாக்கில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஊர்தோறும் வரி இல்லாத நிலத்தைக் கழித்துக் கணக்குச் சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு, இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. 'சேரிக்கு வரிவிலக்கு' என்று நம் பண்டிதர்கள் பெருமை பேசலாம். மண்ணுக்கு வரி இல்லையென்றால் மனுசனுக்கும் இல்லையென்று ஆகிவிடுமா? நிலமில்லாதவனிடம் பிடுங்க உழைப்பைத் தவிர வேறென்ன இருந்தது?

இலக்கியம் இதை எப்படி மறைத்தது என்பதற்குக் கல்கி நல்ல சாட்சி. 'பொன்னியின் செல்வன்' வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இளவரசர் இராஜாதித்தர் வேலையில்லாமல் இருந்த தம் படைவீரர்களைக் கொண்டு அந்த ஏரியை அமைத்தார் என்று கதை சொல்கிறது. போர்வீரன் ஓய்வு நேரத்தில் வெட்டிய ஏரி! மண் சுமந்தவன் காவியத்துக்குள் வரவேண்டுமானால் அவன் வாளேந்தியவனாக மாற வேண்டியிருக்கிறது. கரையையும் மதகையும் காலமெல்லாம் காத்தவன் ஊர்வெட்டியானாக வெளியே நின்றான்.

இது பழங்கதை இல்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது, கட்டாய உழைப்பு முறைகளின் பெயர்களை அடுக்கினார்கள். படியாள், பண்ணையாள் எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பெயர் வெட்டி. ஆயிரம் வருசம் கழித்தும் அந்தச் சொல் உயிரோடு இருந்தது. உழைப்பை ஓசியில் வாங்கியவனுக்கு அந்த உழைப்பு மதிப்பில்லாதது. அவன் வாயிலிருந்துதான் 'வெட்டி' என்றால் 'வீண்' என்ற பொருள் வந்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு.

2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. எங்க பக்கம் அதுக்கு 'ஏரி வேலை'ன்னு பேரு. என் அம்மா அதில் மண் அள்ளினார். "நம்ம வரிப்பணத்துல வெட்டியா ஒக்காந்துட்டு வர்றாளுவ" என்றார் நெலக்காரர் ஒருவர். அதே ஏரி, அதே மண், அதே சொல். கூலி உண்டு என்றதும் உழைப்பு சோம்பலாகிவிட்டது.

யாருடைய வரிப்பணம்? அவருடைய விவசாய வருமானத்துக்கு 1961ஆம் வருசத்து வருமான வரிச் சட்டம் விலக்குக் கொடுத்தது. சொத்து வரிச் சட்டத்தின்படி பணக்காரர்களின் செல்வத்துக்குப் போட்ட மத்திய வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். 2019இல் கம்பெனிகளின் வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது. அம்மா குளிக்கும் சோப்புக்கு 2017இலிருந்து 2025 செப்டம்பர் வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கும் செருப்புக்கு 2022இல் 5 சதவீதத்தை 12 ஆக்கினார்கள்; 2025இல்தான் திரும்ப 5. சோப்புக் கடையில் யாரும் அம்மாவை 'வரி கட்டுகிறவர்' என்று அழைக்கவில்லை.

எனவே சொற்களைத் திருப்பிக் கேட்போம். 'வரிப்பணம்' என்று எவனாவது ஆரம்பித்தால், நெல்லுக் கணக்கா, காசுக் கணக்கா, உடம்புக் கணக்கா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் அவன் ரசீது காட்டலாம். மூன்றாவதுக்கு ரசீது போட்டுக் கொடுத்தவன் எவனும் இல்லை. அந்த பாக்கி இன்னும் நம் பேரில் வரவாகவே நிற்கிறது.